உபதேச அப்பா

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் பரவலாகக் காணப்படும் தந்தை வகைகளில் உபதேச அப்பா முதன்மையானவர். தாலுகா ஆபீஸ், மின்வாரியம், பள்ளிக்கூடம், வங்கி என்று மாதச் சம்பளம் வாங்கிய, 1950-களில் பிறந்த தலைமுறையில் இவ்வகை செழித்து வளர்ந்தது. கைவைத்த பனியனும் நாலு முழ வேட்டியும் வீட்டுச் சீருடை. அவர் வீட்டில் இருக்கிறாரா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை, டி.வி. சத்தம் தணிந்து, பிள்ளைகள் கையில் தலைகீழாகவாவது ஒரு புத்தகம் இருந்தால், இருக்கிறார்.

உபதேச அப்பா பிள்ளைகளிடம் நேராகப் பேசுவது குறைவு. உபதேசம் அம்மா வழியாகத்தான் போகும். மகன் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "ராத்திரி பத்து மணி வரைக்கும் எங்க சுத்திட்டு வர்றான்னு உன் பிள்ளைய கேளு" என்பார். அம்மா கேட்க மாட்டார், ரசம் ஊற்றுவார். மகன் ரசத்தைப் பார்த்துப் பதில் சொல்வான். பிள்ளையின் உரிமை மதிப்பெண்ணைப் பொறுத்து மாறும்: நல்ல மார்க் வாங்கினால் "என் பையன்", குறைந்தால் "உன் பிள்ளை".

உபதேசத்தின் பாடத்திட்டத்தில் முதல் பகுதி கல்வி. "எங்க காலத்து எஸ்.எஸ்.எல்.சி. இப்ப டிகிரிக்குச் சமம்" என்று அது தொடங்கும். 1978-ல் பிளஸ் டூ வந்து, பதினோரு வகுப்புப் பழைய எஸ்.எஸ்.எல்.சி. மறைந்துவிட்டதால் இந்தக் கூற்றைச் சரிபார்க்க வழியில்லை. அதுவே அதன் பலம். அடுத்து ஆங்கிலம். தினமும் இந்து பேப்பர், சந்தேகத்துக்கு லிஃப்கோ அகராதி, இலக்கணத்துக்கு ரென் அண்ட் மார்ட்டின். கோடை விடுமுறைக்கு டைப்ரைட்டிங் லோயர். எல்லாம் போய்ச் சேருமிடம் ஒன்றுதான்: கால் காசானாலும் கவர்ன்மென்ட் காசு.

இரண்டாம் பகுதி சிக்கனம். ஆளில்லாத அறையில் ஓடும் மின்விசிறியை அவர் பக்கத்துத் தெருவிலிருந்தே கண்டுபிடிப்பார். தீர்ந்துபோன பற்பசைக் குழாயை அறுத்துத் திறந்து இன்னும் ஒரு வாரம் ஓட்டுவார். 1980-ல் சந்தைக்கு வந்த டி.வி.எஸ். 50 இவ்வகைக்கென்றே செய்ததுபோல் அமைந்தது. இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்துவிடுவார்; பெட்ரோல் தீர்ந்தால் வண்டியைச் சாய்த்துப் பிடித்து, தேங்கிய சொட்டுகளில் பங்க் வரை வந்துவிடுவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வழி நெடுகப் பாடம் நடக்கும்.

சான்றுகள் இல்லாமல் அவர் பேசுவதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்ததாகச் சொல்லப்படும் கதை தவறாமல் வரும். அதைக் கேட்டுப் பிள்ளை விழுந்து விழுந்து படித்தால், "எதுக்கு ரெண்டு லைட் எரியுது?" என்ற கேள்வியும் வரும். இரண்டாம் சான்று அவருடைய சொந்தப் பள்ளிக்கூடம். மகன் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது அது மூன்று மைல் தொலைவில் இருக்கும். பத்தாம் வகுப்புக்குள் ஐந்து மைலாகி, நடுவில் ஓர் ஆறும் ஓடத் தொடங்கிவிடும். மூன்றாவது சான்று திருக்குறள். மக்கட்பேறு அதிகாரத்தில் தந்தை மகனுக்குச் செய்ய வேண்டியதை 67-ஆம் குறளும், மகன் தந்தைக்குச் செய்ய வேண்டியதை 70-ஆம் குறளும் கூறுகின்றன. அவருக்கு மனப்பாடமாக வருவது 70 மட்டுமே.

பாடத்திட்டத்தில் இல்லாத பகுதி ஒன்று உண்டு. அது அலமாரியில் துணிகளுக்கு அடியில், எல்.ஐ.சி. டைரியில் இருக்கும். கல்லூரிக் கட்டணத்துக்குப் போட்ட பி.எஃப். லோன், தங்கை கல்யாணத்துக்கு அடகு வைத்த சங்கிலி, வட்டி கட்டிய தேதிகள் எல்லாம் சீரான கையெழுத்தில் அதில் வரிசையாக நிற்கும். தனக்கென்று வாங்கிய சட்டை தீபாவளிக் கணக்கில் மட்டும் வரும். சில தீபாவளிகளில் அதுவும் வராது. மணிக்கணக்கில் உபதேசிக்கும் மனிதர் இவற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அம்மாவிடமும் "பாத்துக்கலாம்" என்பதோடு சரி.

விளைவுகளைக் கணக்கிட்டால், உபதேசங்களில் பலித்தவை குறைவு. இந்து பேப்பர் வாசித்த பிள்ளைகள் விளையாட்டுப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். டைப்ரைட்டிங் வகுப்பில் பலர் கற்றது எதிர் வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை. ஆனால் கட்ட வேண்டிய பணத்தைத் தேதிக்குள் கட்டுவது, வீட்டுக் கஷ்டத்தைப் பிள்ளைகள் காதில் போடாமல் பார்த்துக்கொள்வது, கூடப்பிறந்தவளுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்காமல் இருப்பது ஆகிய பழக்கங்கள் அந்தப் பிள்ளைகளிடம் அப்படியே இருக்கின்றன. இவை மூன்றையும் அவர் ஒரு நாளும் உபதேசித்ததில்லை. உபதேச அப்பா நல்ல ஆசிரியர்தான். பேசாமல் இருந்த நேரங்களில்.