ராக்கெட்டு பிடிக்கப் போற பேராண்டிக்கு

ராக்கெட்டு பிடிக்கிற தொழில்ல எறங்கணும்னா மொதல்ல வாயைத் தயார் பண்ணுல. பார்ஜுங்கிற தட்டைக் கப்பலு, மோட்டாரெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம். 2015 ஜனவரியில அமெரிக்காவுல, ஃபுளோரிடாவுக்குக் கெழக்க நடுக்கடல்ல, ஈலான் மஸ்க்கோட ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனிக்காரங்க ஃபால்கன் 9 ராக்கெட்டோட அடிப்பாகத்த மொதமொதலா ஒரு பார்ஜு மேல எறக்கிப் பாத்தாங்க. காத்துல திசை திருப்புற துடுப்புக்கு வேண்டிய எண்ணெய் பாதியிலயே தீந்துபோச்சு. சாஞ்ச வாக்குல வந்து மோதி வெடிச்சிட்டு. நீயா இருந்தா கதவச் சாத்திக்கிட்டுக் கெடந்திருப்ப. அந்தாளு என்ன சொன்னாரு தெரியுமா? திட்டத்துல இல்லாத மாதிரி வேகமாப் பாகம் பாகமாப் பிரிஞ்சுபோச்சாம்! வெடிங்கிற வார்த்தையே வாயில வரல. இந்தப் பேச்சு எனக்கு வாலிபத்துல தெரிஞ்சிருந்தா உங்க ஆச்சிகிட்ட எம்புட்டு ஏச்சு மிச்சமாயிருக்கும்.

அந்த மோதலுக்குப் பொறவுதான் பார்ஜுக்குப் பேரே வச்சாரு, 'ஜஸ்ட் ரீட் த இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்'னு. சொல்லியிருக்கத ஒழுங்காப் படின்னு அதட்டுற பேரு. இயன் எம். பேங்க்ஸ் எழுதுன கதையில வார விண்கப்பல் பேராம். ஏப்ரல்ல அடுத்த ராக்கெட்டு வந்துச்சு. அது எதையும் படிச்சிட்டு வந்த மாதிரித் தெரியல. எஞ்சினுக்குள்ள ஒரு வால்வு சோம்பேறித்தனம் பண்ண, ஆடிக்கிட்டே வந்து எறங்கி மல்லாந்துட்டு. 2016 ஜனவரியில கலிஃபோர்னியாப் பக்கம் ஒண்ணு, அலுங்காம வந்து நின்னுதுல. ஒத்தக் காலோட பூட்டு மட்டும் விழல. நொண்டி மாதிரி மெல்லச் சரிஞ்சு அதுவும் வெடிச்சிட்டு. அந்த வருசம் ஏப்ரல் 8ந்தேதிதான் மொதல் தடவையாக் கடல்ல ஒண்ணு முழுசா நின்னுச்சு.

அதுக்குப் பொறவு அவுக செஞ்ச காரியந்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. விழுந்தது, வெடிச்சது, கவுந்தது அத்தனையும் சேத்து, எப்படி எறக்கக் கூடாதுன்னு தலைப்புப் போட்டு, பின்னால வாத்தியம் முழங்க 2017ல அவுகளே ஊருக்குக் காட்டுனாங்க. நீ பிளஸ் டூ மார்க்குச் சீட்டப் பரண்ல ஒளிச்சு வச்சவன். யோசிச்சுக்க.

தரையிலயே எறக்கலாமே, எதுக்குக் கடலுக்கு ஓடணும்னு கேப்ப. தரையிலயும் எறக்கத்தான் செய்றாங்க. ஆனா பாரமான செயற்கைக்கோளத் தூக்கிட்டுப் போனா, கெளம்புன எடத்துக்கே திரும்பி வாரதுக்கு எரிபொருள் மிஞ்சாது. அதனால அது விழுற எடத்துக்கு நாம போயிக் காத்துக் கெடக்கணும், கரையிலேர்ந்து 600 கிலோமீட்டர் தள்ளிக்கூட. பார்ஜு 300 அடி நீளம், 170 அடி அகலம். ஜிபிஎஸ்ஸு பாத்து மோட்டாரு தானா ஓடி, அலையிலயும் 3 மீட்டர் நகராம நிக்கும். மேல ஒரு ஈ காக்கா கெடையாது. மனுசரெல்லாம் தூரத்துல வேற கப்பல்ல. வார சாமான் நம்ம தேரிக்காட்டுல நிக்கிற பனையக் காட்டிலும் ஒசரம். கால விரிச்சா 60 அடி.

கடைசியில எரியுறது ஒத்த எஞ்சின்தான். அதயும் எம்புட்டு அடக்குனாலும், அது தள்ளுற தள்ளு காலியாப்போன கூட்டோட எடையவிடக் கூடுதல். அதனால அந்தரத்துல நின்னு எடம் பாத்து எறங்குற சோலியே கெடையாது. வேகம் தீருறதும் கால் தளத்தத் தொடுறதும் ஒரே நேரத்துல நடக்கணும். முந்திட்டா திரும்ப மேல கெளம்பிரும். பிந்திட்டா பார்ஜுல ஓட்டை. அப்படி ஒரு ஓட்டையும் விழுந்திருக்கு. அந்த நேரம் பாத்து அதிர்வுல நேரலைப் படமும் பல தடவை உறைஞ்சு நின்னுருக்கு. படம் திரும்பி வரும்போது ராக்கெட்டு ஒண்ணு நிக்கும், இல்ல கெடக்கும்.

நின்னுட்டுன்னு நீ கைதட்டிட்டு டீ குடிக்கப் போயிராதல. கரைக்கு இழுத்துட்டு வாரதுக்கு நாள்கணக்காகும், கடல் சும்மா இருக்காது. அதுக்குன்னே ஸ்பேஸ்எக்ஸ்காரன் ஆக்டாகிராபர்னு ஒரு ரோபோ வச்சிருக்கான். தளத்துல ஊந்து போயி, நாலு காலுக்கும் நடுவுல நொழஞ்சு, அடிவயித்தப் பிடிச்சிக்கிட்டு அசையாம உக்காந்துரும். 2019ல ஃபால்கன் ஹெவிங்கிற பெரிய ராக்கெட்டோட நடுப்பாகம் அழகா வந்து எறங்குச்சு. அதுக்கு இந்தப் பிடி பொருந்தாது, அலையடிச்சுச் சாஞ்சிட்டு. 2023 டிசம்பர்ல இன்னொண்ணு. 2020ல ரெண்டு விண்வெளி வீரங்களச் சுமந்துட்டுப் போனதும் அதே ராக்கெட்டுதான். 19 தடவை பறந்து, 19 தடவையும் பத்திரமா எறங்கி, வீட்டுக்கு வார வழியில காத்துலயும் அலையிலயும் கவுந்துபோச்சு. வானத்துக்குப் போயி வந்தது துறைமுகத்துக்கு வந்து சேரல. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டுல.

ஜெஃப் பெசோஸ் கதை வேற. இப்படிக் கடல்ல எறக்குற யோசனைக்கே 2014ல காப்புரிமைப் பட்டா வாங்கி வச்சிருந்தாரு அவரு கம்பெனி புளூ ஆரிஜின் பேருல. ஸ்பேஸ்எக்ஸ்காரன் வழக்காட, மறுவருசம் பெரும்பகுதியக் கைவிட்டாச்சு. பொறவு ஒரு பழைய கப்பல வாங்கி அம்மா பேரு 'ஜாக்லின்' வச்சாரு. அது ஒரு ராக்கெட்டக்கூடப் பாக்காமக் காயலாங்கடைக்குப் போச்சு. வேற பார்ஜு கட்டி, 2025 ஜனவரியில தவறவிட்டு, நவம்பர்லதான் நியூ கிளென் ராக்கெட்டு வந்து நின்னுச்சு. பட்டா கைக்கு வந்து பதினோரு வருசம். காரியத்த முடிக்க நீ கேட்ட ஆறு மாசத் தவணை நினைப்பு வந்திட்டு எனக்கு.

ஒன் கணக்கு எனக்குத் தெரியும்ல. குலசேகரன்பட்டினத்துல ஏவுதளம் வருது, 2024 பிப்ரவரியில அடிக்கல்லும் நாட்டியாச்சு. தூத்துக்குடியில ஒரு பழைய பார்ஜ வாங்கிப் போட்டா இஸ்ரோ நம்மகிட்டதான வந்தாகணும்னு வடக்குக் காட்டுப் பத்திரத்தத் துழாவிக்கிட்டு இருக்க. ஆனா அங்கேருந்து கெளம்பப் போறது எஸ்எஸ்எல்விங்கிற ராக்கெட்டு. மூணு அடுக்கும் திட எரிபொருள். பத்த வச்சா முழுசா எரிஞ்சுதான் ஓயும். நடுவுல அணைக்க முடியாது, திரும்பக் கொளுத்தவும் முடியாது, நிக்கிறதுக்குக் காலும் கெடையாது. நேராக் கடலுக்குள்ள போயிரும். பார்ஜு வாங்கியே தீருவேன்னா மாலத்தீவுக்கு வெங்காயம் ஏத்துல. தூத்துக்குடித் தோணியெல்லாம் காலங்காலமா அதத்தான் செய்யுது. பத்திரம் ஆச்சி பீரோவுலதான் இருக்கு. சாவி என் இடுப்புல.