இரண்டு பெட்டியும் ஒரு கதிரையும்

சாம்பல்தீவில் எங்கள் வீட்டு ரீவிக்குச் சொந்த வாய் கிடையாது. அதன் சத்தத்தை அடக்கிவிட்டு, பாட்டுக் கேட்க வைத்திருந்த அம்ப்ளிஃபயரோடும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளோடும் தொடுத்துவிட்டேன். இந்தக் காலத்துத் தட்டை ரீவிகளில் ஸ்பீக்கர் முதுகுப்பக்கமோ அடிப்பக்கமோதான் இருக்கிறது. கதாநாயகன் காதலைச் சொல்வதும் சுவருக்குத்தான்.

ஸ்காபுரோவில் இருக்கும் மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. “ஸ்டீரியோ பாட்டுக்குத்தான் அத்தான். படத்துக்கு அஞ்சு பெட்டியும் ஒரு சப்வூஃபரும் வேணும்” என்றான்.

விடுவேனா? ஸ்டீரியோவுக்கு வித்து விழுந்ததே படம் பார்த்த இடத்தில்தான். 1931இல் அலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் மனைவியோடு படத்துக்குப் போனார். நடிகர் திரையில் ஒரு பக்கம் நிற்கிறார், குரல் வேறெங்கோ இருந்து வருகிறது. ஆள் நடக்கும் பக்கமே குரலையும் நடக்கவைக்க எனக்கு வழி தெரியும் என்று மனைவியிடம் சொன்னாராம். அந்த டிசம்பரிலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தும் விட்டார். இதை என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். “பாவம் அந்த மனிசி” என்றாள். அதோடு நிற்கவில்லை நான். டொல்பி ஸ்டீரியோக்காரர் முன்னால் மூன்று, பின்னால் ஒன்று என்று நான்கு வழி ஒலியையும் ஃபிலிம் ஓரத்து இரண்டே தடங்களுக்குள் மடித்து வைத்தார்கள், 1995இல் ‘குருதிப்புனல்’ வந்ததும் அப்படித்தான் என்று மச்சானுக்கு ஒரு நீண்ட குரல்பதிவு அனுப்பினேன். நீல ‘ரிக்’ விழவேயில்லை.

இனித் தொழில்நுட்பம். இன்றைய படங்களில் வசனம் பெரும்பாலும் நடுப்பெட்டிக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். நடுப்பெட்டி இல்லாத வீட்டில் அதை இடத்துக்கும் வலத்துக்கும் சமமாகப் பங்குபோட வேண்டும். ரீவி மெனுவில் ‘பிசிஎம்’ என்று மாற்றிவிட்டால் அந்தப் பங்கு பிரிப்பைப் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே குரல் ஒரே நேரத்தில் வந்தால், ஆள் நடுவில் நிற்பதாக மூளை நம்பிவிடும்.

ஆனால் இந்த ஏமாற்று ஒரேயொரு கதிரையில்தான் சரியாகப் பலிக்கும். இரண்டு பெட்டியும் இருப்பவர் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். கொஞ்சம் விலகினாலும் கிட்டவுள்ள பெட்டியின் சத்தம் சில மில்லிசெக்கன் முந்திவிடும். முந்தி வந்ததைத்தான் காது நம்பும். மனைவி இருப்பது இடப்பக்கம், குசினி வாசலடி. “ஏனப்பா, நீதவான் குசினிக்க நிண்டு தீர்ப்புச் சொல்லுறார்?” என்று கேட்டாள். மகளுக்கு அதே வழக்கு சாமியறையில் நடந்தது. கொட்டகையில் திரைக்குப் பின்னால் நடுவிலும் ஒரு ஸ்பீக்கர் வைப்பது இந்தக் கரைச் சீட்டுக்காரருக்காகத்தான். மச்சான் சொன்னதில் நியாயம் உண்டு. அதை அவனுக்குச் சொல்வதாக இல்லை.

நடுக்கதிரை மாமியுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்வழிச் சீதனம். வளவு மாமிக்கு அவவின் தாய் கொடுத்தது, அதில் நிற்கும் கதிரைக்கு உறுதி காட்டச் சொல்வது மருமகனுக்கு அழகல்ல. ஆகவே கதிரையை விட்டுவிட்டுப் பெட்டிகளை நகர்த்தினேன். அளவுநாடா பிடித்து, சாமியறைக் கதவைப் பாதி மறைத்து, முக்கோணத்தின் உச்சி மாமியின் கொண்டையில் வந்து நிற்கும்படி செய்து முடித்தேன்.

கார் ஒன்று இடமிருந்து வலமாகச் சீறிப்பாயும் காட்சியைப் போட்டேன்.

“மாமி, கேக்குதோ?”

“ஓம் தம்பி, கார்.”

“கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கோ, எந்தப் பக்கம் போகுது?”

“அது ட்ரைவருக்கெல்லோ தெரியும்.”

திரும்பப் போட்டேன். இன்னும் சத்தமாகப் போட்டேன். மாமி கண்ணைத் திறந்து என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“எனக்கு இடது காது உங்கட கலியாணத்துக்கு முந்தியே போட்டுது தம்பி. ஒரு பெட்டி காணும். மற்றதை வித்துப்போடுங்கோ.”

“இடப்பக்கத்தை வியுங்கோ” என்றாள் மனைவி, குசினி வாசலடியிலிருந்து. “நீதவானும் வீட்டை போகட்டும்.”