பேராண்டி வாங்கிய தங்கக் கேபிள்

ஏலே பேராண்டி, வா, இப்படித் திண்ணையில உக்காரு. கையில என்னலே பளபளன்னு ஒரு பெட்டி? தென்காசிக்குப் போயி மானிட்டருக்குக் கேபிள் வாங்கிட்டு வந்தியா? எவ்வளவு? ஆயிரத்து எண்ணூறா! பலே பலே. அதுவும் தங்கம் பூசினதாமே. உங்கம்மை காதுல கெடக்க கம்மலுக்கே இப்படி ஒரு பெட்டி குடுத்திருக்க மாட்டான்.

நம்ம ஆய்க்குடி முருகனுக்குப் படிப்பாயசம் நேந்துக்கிட்டுப் பொறந்த புள்ளலே நீ. அனுமன் நதிப் படியில ஊத்தின பாயசத்தை ஊர்ப் புள்ளைக எல்லாம் வழிச்சுத் தின்னுச்சு. அன்னைக்கு முருகன்கிட்ட புள்ளைய மட்டும் கேட்டோம். கொஞ்சம் விவரத்தையும் சேத்துக் கேட்டிருக்கணும்.

எனக்கென்னலே தெரியும், நான் வயக்காட்டுல மடை பாத்தவன். 2011-ல மத்தளம்பாறையில ஸோஹோ சாப்ட்வேர் கம்பெனிக்காரங்க வந்து உக்காந்த நாள்லருந்து டீக்கடை பெஞ்சுல எச்.டி.எம்.ஐ., ஹெர்ட்ஸுன்னுதான் பேச்சு. கெழவனுக்குக் காது மந்தம்னு நெனச்சு என் பக்கத்துலயே இருந்து பேசுதாங்க. நானும் கேக்காதவனாட்டமே டீயை உறிஞ்சுக்கிட்டு இருப்பேன். பீசு கெட்டாத படிப்பு.

சரி, கடைக்காரன் என்ன சொன்னான்? இந்தக் கேபிளை மாட்டினா கலரு அள்ளும்னானா? நீயும் தலையாட்டினியாக்கும். இதுக்குள்ள ஓடுறது வெறும் ஒண்ணும் சைபரும்லே. தபால்காரர் ஓட்டைச் சைக்கிள்ல வந்தாலும் புல்லட்டுல வந்தாலும் மணியார்டர் ஐநூறுன்னா ஐநூறுதான் கைக்கு வரும். புல்லட்டுல வந்தாருன்னு அறுநூறா ஆகாது. கணக்கு முழுசாப் போய்ச் சேந்தா படம் முழுசா நிக்கும். சேரலைன்னா புள்ளி புள்ளியாத் தெறிக்கும், அப்பப்ப இருட்டடிக்கும், இல்லேன்னா ஒண்ணுமே வராது. செவப்பு இன்னும் கொஞ்சம் செவக்கிற சோலியே கெடையாது. நீலக் கொண்டை வச்ச வி.ஜி.ஏ. கேபிள் இருந்துச்சே, 1987-ல ஐ.பி.எம். கொண்டாந்தது, அதுலதான் கேபிள் மட்டமா இருந்தா படம் மங்கும், நெழலடிக்கும். கடைக்காரன் அந்தப் பாடத்தை இன்னும் வித்துக்கிட்டு இருக்கான்.

தங்கத்துக்கும் ஒரு வேலை உண்டு, இல்லேங்கல. களிம்பு ஏறாது. ஆனி, ஆடிச் சாரல்ல பித்தளைச் செம்பே பச்சை பூத்துக் கெடக்குற ஊரு இது. ஆனா அந்த மெலிசான பூச்சு விலை கொறஞ்ச கேபிள் முனையிலயும் இருக்கு.

உன் மானிட்டர் எது? 24 இஞ்சு, ஃபுல் எச்.டி. அப்போ குறுக்க 1920 புள்ளி, நெடுக்க 1080. பெருக்கு பாப்போம். போனைத் தொடாத! சரி, நானே சொல்லுதேன், 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. புள்ளிக்கு 24 பிட்டு, நொடிக்கு 60 தடவை, அதான் 60 ஹெர்ட்ஸு. 300 கோடிக்குச் சொச்சம் கம்மி. வழிச்செலவையும் சேத்தா கேபிள்ல ஓடுறது நொடிக்கு ஏறக்கொறைய 450 கோடி பிட்டு. சாதா 'ஹை ஸ்பீடு' எச்.டி.எம்.ஐ. கேபிளே 1020 கோடி தாங்கும். நீ தூக்கிட்டு வந்த 'அல்ட்ரா ஹை ஸ்பீடு', பெட்டியில எழுதியிருக்கதை நம்பினா, 4800 கோடி. கணக்குல நீ எடுத்த மார்க்கு எனக்கு இப்பத்தாம்லே வெளங்குது.

ஃபோர் கே மானிட்டரா இருந்தா அது வேற சங்கதி. 60 ஹெர்ட்ஸுக்கே 1782 கோடி ஓடும். 1800 கோடி தாங்குற 'பிரீமியம் ஹை ஸ்பீடு' அதுக்குத்தான். 120 ஹெர்ட்ஸுல விளையாடணும்னா அல்ட்ரா வாங்கு. இந்த ரெண்டு சாதிக்கும் பெட்டி மேல போன்ல ஸ்கேன் பண்ணிப் பாக்குற லேபிள் இருக்கணும். உன் பெட்டியைத் திருப்பு. '2.1 கேபிள்'னு கொட்டை எழுத்து இருக்கு, '8கே'ன்னு இருக்கு, லேபிளைத்தான் காணோம். 2.1 மாதிரி நம்பரெல்லாம் மிஷினுக்குலே. கேபிளுக்கு வேகத்தை வச்சுத்தான் பேரு.

நீளம் எவ்வளவு? பத்து மீட்டரா! கம்ப்யூட்டரும் மேசை மேல, மானிட்டரும் மேசை மேல. மிச்சத்துல உங்கம்மை துணி காயப்போடட்டும். நீளம் கூடக் கூட கம்பியில சிக்னல் தேயும்லே. வேகம் கூடுன சோலிக்கு ரெண்டு மீட்டரோட நிறுத்திக்கிடணும்.

அதெல்லாம் போவட்டும். கடைக்குப் போறதுக்கு முந்தி மானிட்டர் முதுகைத் திருப்பிப் பாத்தியா? பாத்திருக்க மாட்ட. உள்ள வா. இந்தா இருக்கு எச்.டி.எம்.ஐ., கீழ் மூலை ரெண்டும் ஒடுங்கியிருக்கும். பக்கத்துல இருக்கது டிஸ்ப்ளே போர்ட்டு, 2006-ல வந்தது, ஒரு மூலை மட்டும் வெட்டுப்பட்டிருக்கும். அந்தக் கேபிள் தலையில பெரும்பாலும் சின்னதா ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கிக்கிட்டுத்தான் உருவணும். போன மாசம் உன் அத்தான் வீட்டுல அமுக்காம இழுத்தியே, மானிட்டரும் சேந்து வந்துச்சே! நல்லவேளை, உன் அத்தை அடுப்படியில இருந்தா.

கம்ப்யூட்டர்ல டிஸ்ப்ளே போர்ட்டு, மானிட்டர்ல எச்.டி.எம்.ஐ.-ன்னா பெரும்பாலும் மலிவான கன்வெர்ட்டரே போதும். அப்படியே தலைகீழா இருந்தா அந்தக் கன்வெர்ட்டரு செல்லாது. கரண்டு வாங்கி வேலை செய்யுற வேற ஒண்ணு வேணும். லேப்டாப்புல டைப்-சி ஓட்டையைப் பாத்ததும் துள்ளாத. எல்லா டைப்-சியிலயும் படம் வராது. ஆமா, கிராபிக்ஸ் கார்டு புதுசாப் போட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே, கேபிளை அதுலதான மாட்டுற? முழிக்காத. இத்தனை நாளா பழைய கேபிளை மதர்போர்டுல இருக்க பழைய ஓட்டையிலதான் சொருகி வச்சிருக்க. கார்டு சும்மா உக்காந்து காத்து வாங்குது.

இப்போ பரண்ல ஏறு. மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியை எறக்கு. தெர்மோகோலுக்கு அடியில கையை விடு... ம், வந்துச்சா? எச்.டி.எம்.ஐ. கேபிள், கட்டுன கம்பியைக் கூடப் பிரிக்கல. கார்டுலயும் அதே ஓட்டை இருக்கு. இதை மாட்டு, போதும்.

அந்த ஆயிரத்து எண்ணூறு ரூவாப் பெட்டியைக் கிழிச்சிடாம பில்லோட எடுத்துக்கிட்டுக் கெளம்பு. துட்டைத் திருப்பித் தரமாட்டேன்னு மொதல்ல மொறைப்பான். லேபிள் எங்கன்னு கேளு. வரும்போது பிரானூர் பார்டர்ல எனக்கு நாலு புரோட்டா வாங்கியா. சுத்து வழிதான், தெரியும்லே. சால்னாவைத் தனியாக் கட்டச் சொல்லு.