இரட்டைப் பூட்டு

நம் அரசாங்கத்துக்கு ஜாக்கிரதை போதாது என்று எவன் சொன்னது? புற்றுநோய் வார்டுக்குப் போய்ப் பாருங்கள். மார்ஃபின் அலமாரிக்கு இரட்டைப் பூட்டு. ஓர் ஊசி எடுத்தால் பெயர், நேரம், அளவு, கையெழுத்து. உடைத்த காலிக் குப்பியும் கணக்கில் வந்தாக வேண்டும்.

அப்படியே இராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வாருங்கள். தோல் பதனிட குரோமிய உப்பு தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1995-இல் மூடப்பட்டது. விட்டுப்போன கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. அதிலிருக்கும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் புற்றுநோய் தருவது உலகறிந்த சங்கதி. பூட்டு? பதிவேடு? வருடாவருடம் மழை வந்து தன் பங்கை அள்ளிக்கொண்டு போனது. கையெழுத்து கேட்க ஆளில்லை.

வலிக்கு மருந்து சிறையில், விஷம் ஜாமீனில்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு நர்ஸ். ராத்திரி இரண்டரை மணி. எழுதிக் கொடுத்த அளவு போதவில்லை என்பது கட்டில் கம்பியை நெரிக்கும் அந்தக் கையைப் பார்த்தாலே அவருக்குத் தெரிகிறது. கூட்டிக் கொடுக்க அதிகாரமில்லை. டியூட்டி டாக்டரோ, "காலைல ரவுண்ட்ஸ்ல பாக்கலாம் சிஸ்டர்." நோயாளியின் மனைவி காலில் விழுகிறார்: "எதுனா குடும்மா, துடிக்கிறாரு." சாவி சிஸ்டர் இடுப்பில்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியது தெரிந்தும் கை கட்டப்பட்டு நிற்கும் இந்த வேதனையைப் பற்றித் தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-இல் எழுதினார். நம்மவர்கள் அடுத்த வருடமே போதைப்பொருள் சட்டம் போட்டு அதை அமல்படுத்திவிட்டார்கள். மார்ஃபினின் மூலப்பொருளான அபினுக்குக் காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசே ஆலை நடத்தும் நாடு இது! 2014-இல் சட்டம் திருந்தியது. எழுதிக்கொடுக்கும் பேனாவின் பயம் திருந்தவில்லை.

கெடுத்தவனே கட்டு என்றது உச்ச நீதிமன்றம், 1996-இல். தோல் ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். 2025 ஜனவரியில், தோல் கழிவு கலந்த பாலாற்றுக்காக மறுபடியும் அதையே சொல்ல வேண்டியிருந்தது. இன்ன கழிவால்தான் இன்னாருக்கு இந்த நோய் என்று நிரூபிக்க முடியுமா என்பார்கள். எப்படி முடியும்? கழிவுக்குத்தான் பதிவேடே கிடையாதே.

முதலாளி நன்றாகத் தூங்குகிறார், அதிகாரியும் தூங்குகிறார். முழித்திருக்கச் சம்பளம் வாங்குகிறவர் சிஸ்டர் மட்டும்தான், அதுவும் பல ஆஸ்பத்திரிகளில் ஒப்பந்தக் கூலிக்கு. மே 12, செவிலியர் தினம் வந்தால் அவருக்கு ஒரு ரோஜா, ஒரு துண்டு கேக், "தேவதை" பட்டம். கூடவே மன அழுத்தம் போக்க யோகா வகுப்பு. கண்ணை மூடி மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்வார்கள்.

இராணிப்பேட்டைக் காற்றையா?