எழுதவும் ஓலை, முடையவும் ஓலை

கே: ஆர்என்ஏ என்றால் டிஎன்ஏவின் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு என்றுதான் பள்ளியில் படித்தோம். அதை வைத்து நானோ அளவில் பொருள் கட்டுகிறார்களாமே, எப்படி?
(ஆசிரியை, தஞ்சாவூர்)

ப: பனை ஓலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் கணக்கும் எழுதினோம், கூடையும் முடைந்தோம், கொழுக்கட்டையும் அவித்தோம். ஆர்என்ஏவும் அப்படித்தான். அதன் எழுத்துகள் ஏ, யு, ஜி, சி என நான்கு. ஏ தேடிப் பிடிப்பது யுவை, ஜி பிடிப்பது சியை. எந்த இடத்தில் எந்த எழுத்து என்று நாம் முடிவு செய்தால், இழை எங்கே மடியும், எங்கே கண்ணியாகும் என்பதும் முடிவாகிவிடும். ஓலையில் நாம் எழுதினோம், நாமே முடைந்தோம். இங்கே எழுத்தே முடைந்துகொள்கிறது.

கே: இந்தக் கலையை முதலில் செய்தது யார்?
(வாசகர், சேலம்)

ப: ஒரு வைரஸ்! பாக்டீரியாவைத் தாக்கும் ஃபை29. 50 நானோமீட்டர் சொச்சம் உயரமுள்ள தன் தலைக்குள், அதைப்போல் 100 மடங்குக்கும் மேல் நீளமான டிஎன்ஏவை அது திணித்தாக வேண்டும். அந்தத் திணிக்கும் மோட்டாரில் ஒரு குட்டி ஆர்என்ஏவும் உறுப்பு என்பதை பெய்ஷுவான் குவோவும் உடன் ஆய்ந்தவர்களும் 1987இல் கண்டார்கள். அப்போது அவர்கள் கண்ட நீளம் 120 எழுத்து. பல ஆர்என்ஏக்கள் தாமாகக் கைகோத்து வளையமாக நிற்கின்றன என்று 1998இல் குவோவின் குழு காட்டியது. எழுத்தை மாற்றினால் யாரோடு யார் கைகோப்பது என்பதையும் நாமே தீர்மானிக்கலாம் என்பது தெரிந்த அந்த நாள்தான் இத்துறையின் பிறந்தநாள்.

கே: உறுதியான டிஎன்ஏ இருக்க, எளிதில் சிதையும் ஆர்என்ஏ எதற்கு?
(பொறியாளர், கோவை)

ப: டிஎன்ஏ பீரோவில் பூட்டிய மூலப்பத்திரம். பத்திரமாக இருப்பதே அதன் வேலை. ஆர்என்ஏ ஒற்றை இழையாக வளையும், நெளியும், வேதிவினையும் செய்யும். அதைக் கண்டுபிடித்த தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவருக்கும் 1989இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் உடலின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் முக்கிய வேலையைச் செய்வதும் ஆர்என்ஏதான். ரைபோசோமின் அமைப்பைத் துலக்கியதற்காக 2009இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். இன்னொரு வசதியும் உண்டு. நொதி எழுத எழுதவே ஆர்என்ஏ மடிந்து உருவம் எடுத்துவிடும். அப்படி மடியும் ஓடுகளை கேரி, ரோத்மண்ட், ஆண்டர்சன் மூவரும் 2014இல் செய்துகாட்டினார்கள்.

கே: நானோ கட்டடத்துக்குக் கொத்தனார் யார்?
(கல்லூரி மாணவர், விருதுநகர்)

ப: சூடும் ஆறுதலும். சிறு குழாயில் உப்புக் கரைசல், அதில் சரியான அளவில் இழைகள். நன்றாகச் சூடாக்கினால் தப்பான பிடிகள் எல்லாம் விட்டுப்போகும். மெல்ல ஆறவிட்டால் ஒவ்வொன்றும் தன் ஜோடியைத் தேடிச் சேரும். பிறகு கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிடுவார்கள். பளிச்சென்று ஒரே பட்டை தெரிந்தால் கட்டடம் எழும்பிவிட்டது. கலங்கலாக இழுவினால் மறுபடி முதலிலிருந்து.

கே: ஆர்என்ஏ சீக்கிரம் கெட்டுவிடுமாமே?
(ஆய்வு மாணவி, திருச்சி)

ப: உங்கள் விரல்நுனி பட்டாலே போதும். ஆர்என்ஏவைக் கத்தரிக்கும் நொதி நம் தோலிலேயே இருக்கிறது. அதனால்தான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தால்கூடக் கையுறையை மாற்றச் சொல்கிறார்கள். அந்த நொதிகளில் ஒரு வகை கொதிக்கவைத்தாலும் சாகாது, ஆறியதும் வேலைக்குத் திரும்பிவிடும். இதற்கு வேதியியலாளர்கள் கண்ட வழி அழகானது. ஆர்என்ஏவின் சர்க்கரையில் நொதிக்கு இடம் கொடுக்கும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடியை எடுத்துவிட்டு ஃபுளூரினை வைத்தார்கள். கத்தரி கடிக்க இடமில்லை. ஃபை29இலிருந்து எடுத்த முச்சந்தி வடிவ ஆர்என்ஏவை இப்படி உறுதியாக்கி 2011இல் குவோவின் குழு வெளியிட்டது. இரத்தத்தில் நீர்த்துப்போனாலும் பிரியாத முச்சந்தி அது.

கே: அந்த முச்சந்தியால் நோயாளிக்கு என்ன லாபம்?
(செவிலியர், மதுரை)

ப: மூன்று கைகள், மூன்று வேலை. ஒரு கையில் புற்றுநோய் செல்லை அடையாளம் கண்டு ஒட்டும் பகுதி. இன்னொன்றில் கேடான மரபணுவின் வாயை அடைக்கும் குட்டி ஆர்என்ஏ. மூன்றாவதில் போன இடத்தைக் காட்டும் ஒளிரும் சாயம். எலிகளில் இது கட்டியைத் தேடிச் சேர்வதைக் கண்டிருக்கிறார்கள். அளவும் முக்கியம். 5, 6 நானோமீட்டருக்குக் குறைந்தால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்பிவிடும். மிகப் பெரிதானால் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். இங்கே பொட்டலத்தின் அளவே பாதி மருந்து.

கே: மருந்துக்கடைக்கு எப்போது வரும்?
(ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், நாகர்கோவில்)

ப: முழுக்க ஆர்என்ஏவாலேயே முடைந்த துகள் இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதன் உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். மரபணுவின் வாயை அடைக்கும் முதல் ஆர்என்ஏ மருந்தான பாட்டிசிரான், கொழுப்புத் துகளில் ஏறி 2018இல் வந்தது. கொழுப்பைக் குறைக்கும் இன்க்லிசிரான், கல்லீரலுக்கு வழி தெரிந்த ஒரு சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு போகிறது. தொடக்க ஊசிகளுக்குப் பின் ஆண்டுக்கு 2 ஊசி போதும். 2025இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரே ஒரு கைக்குழந்தையின் மரபணுப் பிழைக்காக மட்டும் 6 மாதத்தில் மருந்து செய்தார்கள். திருத்தும் புரதத்துக்கான செய்முறையும் திருத்த வேண்டிய இடத்தின் முகவரியும் ஆர்என்ஏவாகவே கொழுப்புத் துகளில் போயின. ஐயா, முகவரியின் அருமை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கே: உறைநிலைப் பெட்டி இல்லாத ஊருக்கு இதெல்லாம் எட்டுமா?
(சுகாதாரப் பணியாளர், தர்மபுரி)

ப: எட்டவைக்க முடியும். கோவிட் காலத்தின் முதல் எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு மைனஸ் 70 டிகிரி தேவைப்பட்டது. புனேயின் ஜெனோவா நிறுவனம் உருவாக்கி 2022இல் அவசர அனுமதி பெற்ற தடுப்பூசியோ உலர்தூளாக, 2 முதல் 8 டிகிரியில் இருக்கும். அது சாதாரண மருந்து ஃப்ரிட்ஜின் குளிர்தான்.

கே: "ஆர்என்ஏ சத்து, நானோ சத்து" என்று மாத்திரை விற்கிறார்களே, வாங்கலாமா?
(இல்லத்தரசி, ஈரோடு)

ப: வேண்டாம் அம்மா. வெறும் ஆர்என்ஏவை விழுங்கினால் வயிறும் குடலும் சில்லறையாக்கிவிடும். நீங்கள் சமைக்கும் கீரையிலேயே ஆர்என்ஏ உண்டு. கட்டு கீரை வாங்குங்கள்.

கே: இத்துறைக்குள் நுழைய என்ன படிக்க வேண்டும்?
(பிளஸ் டூ மாணவி, பரமக்குடி)

ப: வேதியியலை விட்டுவிடாதே, மகளே. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தவர் முத்தையா மனோகரன். கல்லீரலுக்கு வழிகாட்டும் அந்தச் சர்க்கரைப் பிணைப்பை மருந்தாக்கியதில் அமெரிக்காவின் அல்நைலம் நிறுவனத்தில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஆர்என்ஏவை முடைய மனிதருக்குத் தெரிந்துவிட்டது. கல்லீரல் வரை கொண்டுசேர்க்கவும் தெரிந்துவிட்டது. மூளைக்கும் நுரையீரலுக்கும் கட்டிகளுக்கும் அதேபோல் நம்பிக்கையாகக் கொண்டுசேர்க்கும் வழிதான் பாக்கி. அதைக் கண்டுபிடிக்க உன் வயதுப் பிள்ளைகள் வர வேண்டும். வா.