சர்வர் விளிமரபு

சிறு அலுவலகங்களில் ஊழியர் தம் சர்வரை எங்ஙனம் விளிக்கின்றனர் என்பது இவ்வாய்வின் பொருள். முதன்மைச் சான்று, ஓர் ஆடிட்டர் அலுவலகத்து மானிட்டரின் விளிம்பில் செலோடேப் போட்டு ஒட்டியிருந்த துண்டுச்சீட்டு. அதில் 192.168.1.105 என்று எழுதி, கடைசி எண்ணை அடித்து 112 ஆக்கி, அதையும் அடித்துப் பச்சை மையில் 108 என்று திருத்தியிருக்கிறது. பச்சை மை ஆடிட்டருடையது. ஆகவே 108 என்பதே சுத்தபாடம் என்க.

பாடபேதம் வந்தது என்னை எனின், ஏடெழுதியவர் பிழையன்று. கரன்ட் போய் வந்தால் ரௌட்டர்கள் பல, யாருக்கு எந்த எண்ணைக் கொடுத்தோம் என்பதை மறந்து புதிதாகப் பங்கிடும். பிரவுசரில் கணக்கு சாஃப்ட்வேர் திறக்காது. "நூத்தியெட்டு போட்டுப் பாருங்க" என்று உள்ளிருந்து குரல் வரும். அன்றைக்கு வாசலில் பில் கட்டோடு நின்ற கிளையன்ட் ஒருவர், யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிவிட்டார்.

ரௌட்டரில் அந்த எண்ணைச் சர்வருக்கே ரிசர்வ் செய்தால் போதாதோ எனின், போதும். ஆயினும் அவ்விடை ஆராய்ச்சியாளர் பிழைப்பைக் கெடுக்குமாதலின் ஈண்டு விடுத்தாம்.

பெயர் சொல்லி அழைப்பாருள் மூத்தோர் ஹோஸ்ட்ஸ் மரபினர். இவர்தம் மூலநூல், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் பெயருக்கு எதிரே எண் எழுதி வைத்த ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினியின் பெயரைச் சேர்க்க, அலுவலக நேரம் பார்த்து அவர்களுக்குப் போன் செய்ய வேண்டும். கணினிகள் பெருகவே 1983இல் பால் மொக்கபெட்ரிஸ், பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். உலகம் அதற்கு மாறியது, கோப்பு மட்டும் போகவில்லை. இன்றும் விண்டோஸில் சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என மூன்று கட்டு தாண்டிய உள்ளறையில், வாலின்றி வெறும் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காதவர் அதில் ஒரு புள்ளியும் வைக்க முடியாது. திறந்தவருள்ளும் சிலர் அதை ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்று சேமித்துவிட்டு, விண்டோஸ் ஏன் சட்டை செய்யவில்லை என்று குழம்புவர். மூலநூலின் பெயரை மீட்டுத் தந்தவர்கள் என்று இவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

அடுத்தவர் கூவல் மரபினர். எம்டிஎன்எஸ் எனப்படும் இம்முறை 2013இல் ஆர்எஃப்சி 6762 ஆக நூலேறியது. பதிவேடு கிடையாது. தெருவில் நின்று ஆளைக் கூப்பிடுவது போல, "கணக்கு.லோக்கல் யாரப்பா?" என்று 224.0.0.251 என்ற முகவரிக்குக் குரல் கொடுத்தால், உரியவர் தாமே தம் எண்ணைச் சொல்வார். ஒரே பெயருக்கு இருவர் எழுந்தால் ஒருவர் வாலில் 2 ஒட்டிக்கொண்டு ஒதுங்குவதே வழக்கம். குரல் ரௌட்டரைத் தாண்டாது என்பதால், மாடியில் தனி ரௌட்டர் வைத்திருப்பவருக்குக் கீழே பதில் இல்லை.

எண்ணை மறக்கவே பெயர் என்பார் கூற்று பொருந்தாது. யாராவது ஒருவர் அதை நினைவில் வைத்தே தீர வேண்டும். சீட்டா, ரௌட்டரா, சர்வரேதானா என்பதில்தான் மரபுகள் வேறுபடுகின்றன.

பெயரிடுவோர்க்கு, விண்டோஸின் பழைய பெயர்முறையான நெட்பயாஸ் விதித்த வரம்பு 15 எழுத்து. ஸ்ரீவெங்கடேஸ்வரா என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் சரியாக 15 ஆகிவிடும். பின்னால் சர்வர் என்று சேர்த்தாலும் பில்லிங் என்று சேர்த்தாலும் வால் அறுந்து, இரண்டு இயந்திரமும் பெருமாள் பேருக்கே சண்டை போடும். பக்தி மிகுந்த நிறுவனங்கள் இதைக் கவனிக்க.

நம் ஆடிட்டர் அலுவலகத்தில் கடைசியில் எண்ணை ரிசர்வ் செய்து, ரௌட்டரின் டிஎன்எஸ்ஸில் "கணக்கு" என்ற பெயரையும் ஏற்றினார்கள். எல்லா மேசையிலும் திறந்தது. ஜிஎஸ்டி பார்க்கும் அக்காவுக்கு மட்டும் பிரிண்டரின் செட்டிங்ஸ் பக்கம் வந்தது. முன்பு வேலையை விட்டுப் போன தம்பி ஒருவர், அக்காவின் கணினியிலுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் அதே பெயருக்கு 112 என்று எழுதியிருந்தார். டிஎன்எஸ்ஸைக் கேட்குமுன் கணினி பார்ப்பது அக்கோப்பைத்தான். 112இல் இப்போது குடியிருப்பது பிரிண்டர். அக்கா தன் பாஸ்வேர்டை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு, டோனர் தீரப்போகிறது என்ற செய்தியோடு எழுந்து வந்தார்.