பருந்து மூக்கும் கட்டைவிரலும்

கேள்வி: தோட்டத்துக்கும் அன்றாட வேலைக்கும் சேர்த்து, பருந்தின் அலகுபோல் வளைந்த மடக்குக் கத்தி வாங்கலாமா?

பதில்: தோட்டத்துக்குத் தாராளமாக. தண்டோ சணலோ, வளைவுக்குள் சிக்கினால் நழுவாது. உங்கள் பக்கம் இழுத்தால் துண்டாகிவிடும். இழுக்கும் பாதையில் கட்டைவிரலை வைக்காதீர்கள், அதையும் தண்டென்றே கத்தி நினைத்துக்கொள்ளும். பூட்டு இல்லாததைத் தொடவே வேண்டாம்; பிரான்சின் ஒப்பினெல் கத்தி நிறுவனம் 1955-இல் கொண்டுவந்த பூட்டு வளையம் விரல்களுக்குப் பெரிய உபகாரம். தீட்டுவதுதான் தொல்லை: தட்டைக் கல் உட்குழிவை எட்டாது, உருண்டைக் கோல் வேண்டும். ஒட்டுக்கட்ட நேரான கத்தியே சரி. மூட்டை, பார்சல் பிரிக்க வளைந்த கத்தி கெட்டிக்காரன். வெங்காயம் நறுக்கவா? பலகையில் நுனி மட்டும்தான் படும். வெங்காயம் உரிபடுமுன்பே அழுதுவிடுவீர்கள்.